ஆரோக்கியவரம் சொல்லும் பாடம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் மேட்டில் ஏறி, ஆந்திர மாநிலத்துக்குள் சிறிது தூரம் புகுந்து வெளியே வரும். அந்தச் சிறிது தூரத்துக்குள் இருப்பதுதான் எங்கள் ஊரான குப்பம். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர். இன்று திராவிடப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்திருக்கிறது. என் பால்யத்தில் இவை எதுவும் கிடையாது. பெரிய வியாதி என்றால் வேலூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். ஒரே ஒரு வியாதிக்கு மட்டும் வேறு திசை. பலமனேர், புங்கனூர் வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மதனப்பள்ளி.

அந்த நாளில் எங்கள் அகங்களில் வியாதியின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அவன் மதனப்பள்ளிக்குப் போயிருக்கான்" என்று பாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். க்ஷயம், அதாவது காசநோய். என் பெரியப்பா அப்படிப் போனவர்களில் ஒருவர். 1940-களின் தொடக்கத்தில், இருபத்தைந்து வயது நிரம்பாத குமாஸ்தாவாகப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டுத் திரும்பினார். ஊராருக்கு "பெங்களூரில் வேலை" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதன் பிறகு நாற்பது வருஷம் திடகாத்திரமாக வாழ்ந்தார். விடியற்காலையில் இரண்டு மைல் நடை, வேளை தவறாத ஆகாரம், திறந்த ஜன்னலோரம் படுக்கை, இந்த மூன்றையும் கடைசிவரை விடவில்லை. "மதனப்பள்ளியில் கொடுத்த மருந்தே இதுதாண்டா" என்பார். அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மை? பணி ஓய்வுக்குப் பிறகு இதைத் தேடிப் படித்ததில் கிடைத்த சரித்திரத்தை நம் உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதில் விஷயம் உண்டு.

மருந்தில்லாக் காலத்து மருந்து

காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டது; அதைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வைத்தியர்கள் கிருமியை விட்டுவிட்டு உடம்பைத் திடப்படுத்த முயன்றார்கள். சுத்தமான காற்று, ஓய்வு, புஷ்டியான ஆகாரம், பிறகு படிப்படியாகத் தேகப்பயிற்சி. இதற்கென்றே ஏற்பட்டவைதான் சானடோரியங்கள்.

இங்கிலாந்தில் ஃபிரிம்லி என்ற இடத்தில் 1905-ல் சானடோரியம் தொடங்கியபோது, மார்கஸ் பாட்டர்சன் என்ற டாக்டர் நோயாளிகளுக்கு ஓர் ஏணிப்படி முறையை வகுத்தார். முதலில் அரை மைல் நடை. அது ஒத்துக்கொண்டால் தூரத்தைக் கூட்டிப் பத்து மைல் வரை. அதன் பின் கூடை சுமத்தல், மண்வெட்டி பிடித்தல், கடைசியில் கடப்பாறை வேலை. ஜுரம் ஏறினால் உடனே படுக்கை. இதற்கு அவர்கள் ஒரு தத்துவமும் வைத்திருந்தார்கள். உழைக்கும்போது நோயுற்ற பாகத்திலிருந்து கிருமியின் சாரம் அளவாக ரத்தத்தில் கலந்து, தடுப்பூசி போட்டாற்போல் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பது அந்தத் தத்துவம். அது இன்று நிலைக்கவில்லை. ஆனாலும், தேகப்பயிற்சிக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள தொடர்பை நூறு வருஷம் முன்பே அளந்து பார்க்க முனைந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த முறை நம் பக்கம் வந்த இடம்தான் மதனப்பள்ளி. பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுசேர்ந்து ஏற்படுத்திய யூனியன் மிஷன் காசநோய் சானடோரியம் 1915-ல் அங்கே திறக்கப்பட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதன் முதல் தலைமை மருத்துவர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரம், வறண்ட காற்று. அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்றே பெயர் வந்தது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022-ல் நடந்த மாவட்டப் பிரிவினையில் சித்தூரைவிட்டுப் பிரிந்தது. மருத்துவமனை அந்தப் பெயரிலேயே இன்றும் இயங்குகிறது.

ராமானுஜனும் சௌரி முத்துவும்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனின் கதையை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. அவருக்கு இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரிந்திராது. டாக்டர் சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்தியவர். 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன் 1917-ல் நோய்வாய்ப்பட்டபோது சில காலம் அங்கே இருந்தார். பிறகு மாட்லாக் சானடோரியத்துக்கு மாறினார். முதல் உலகப் போர்க் காலம். சுத்த சைவ உணவுக்காரர், தாமே சமைத்துக்கொண்டவர். நேரங்காலம் இல்லாமல் உழைத்து நேரங்காலம் இல்லாமல் சாப்பிட்டவர். போரினால் காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு. இங்கிலாந்தில் குளிர்கால வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1919-ல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார்.

அவருக்குக் காசநோய் என்றே அன்று வைத்தியம் நடந்தது. 1994-ல் ஆங்கில மருத்துவர் ஒருவர் பழைய குறிப்புகளைப் பரிசீலித்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று வாதிட்டார். நோய் எதுவானாலும், இளைத்துப்போன உடம்பு அதை எதிர்த்து நிற்க முடியவில்லை என்பதில் சந்தேகமில்லை.

சௌரி முத்து பின்னர் தாயகம் வந்து 1928-ல் தாம்பரத்துக்கு அருகே சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றது. சென்னை மின்சார ரயிலில் "தாம்பரம் சானடோரியம்" என்று ஸ்டேஷன் பெயரைக் கேட்கும் போதெல்லாம் நாம் கேட்பது இந்தச் சரித்திரத்தைத்தான்.

குன்னூர் எலிகள்

ஆகாரத்தின் பங்கைத் தனியே பிரித்துப் பார்த்த ஆராய்ச்சி நீலகிரியில் நடந்தது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஓர் அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழு கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியை முக்கியமாகவும் பாலைக் குறைவாகவும் கொண்ட 'மதராஸி' உணவில் வளர்ந்தவை 155 கிராம். பட்டியலில் கடைசி இடம் நமக்கு! எடை மட்டுமல்ல, குறையுள்ள ஆகாரம் தின்ற எலிகளுக்கு நுரையீரல் நோயும் வயிற்று நோயும் அதிகம் வந்தன.

எலி வேறு, மனிதன் வேறு என்பது சரிதான். அரிசியும் தன்னளவில் குற்றவாளி அல்ல. தீட்டித் தீட்டித் தவிட்டை எடுத்ததும், கூடவே பருப்பும் பாலும் காயும் போதாததும்தான் குறை. மெக்காரிசனின் கூடம் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதைத் தலைமையேற்று நடத்திய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். நூறு வயது நிறைவாழ்வு வாழ்ந்து 2019-ல் மறைந்தார்.

மருந்து வந்தது

1940-களின் மத்தியில் ஸ்ட்ரெப்டோமைசின், பிறகு பாஸ், 1952-ல் ஐசோனியாஸிட் என்று காசநோய்க்கு மருந்துகள் வரிசையாக வந்தன. நம் நாட்டில் லட்சக்கணக்கான நோயாளிகள்; சானடோரியம் படுக்கைகளோ சில ஆயிரம். எல்லோரையும் வருஷக்கணக்கில் வைத்துப் பராமரிப்பது நடக்கிற காரியமா? 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பிரிவுக்கு வீட்டிலேயே மாத்திரை. இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள்.

சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டிலோ நெரிசல், அரைவயிற்றுக் கஞ்சி, வேலை. ஒரு வருஷ முடிவில், சளியில் கிருமி இல்லாத நிலைக்கு வந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவிகிதம்; வீட்டில் 86 சதவிகிதம். ஏறத்தாழ சமம் என்றே கொண்டார்கள். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளிவந்த இந்த முடிவு உலகத்தையே மாற்றியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது பொது மருத்துவமனைகளாயின. சென்னையில் பிறந்த ஆராய்ச்சி உலகுக்கே வழிகாட்டியது என்று நாம் பெருமைப்படலாம்.

ஆனால் அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பொருள், "ஆகாரமும் பயிற்சியும் முக்கியமில்லை, மாத்திரை போதும்" என்பது. இந்த இடத்தில்தான் சரித்திரம் வழுக்கியது. சென்னை ஆய்வு கேட்ட கேள்வி, "வந்த நோய் மருந்தால் குணமாகுமா?" என்பது. "நோய் வராமல் தடுப்பது எது?" என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

அந்த இரண்டாவது கேள்விக்குத் தடுப்பூசியே பதில் என்று பலர் நம்பினார்கள். இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசியை 1948-ல் முதலில் போட்டுப் பார்த்த இடமும் மதனப்பள்ளிதான். நாடு முழுவதும் அது இயக்கமாகப் பரவியபோது, ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்து 1955-ல் சிறு நூலே வெளியிட்டார். பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிசுக்களுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோய் வராமல் பி.சி.ஜி. காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் உறுதியானது. ஆகவே குழந்தைக்குப் போடாமல் இருக்கக் கூடாது. ஆனால் ஆயுள் முழுவதற்கும் அந்த ஓர் ஊசியே கவசம் என்று இருந்துவிடவும் முடியாது.

மறந்துபோன பாதி

மறந்துபோன பாதிக்கு உலகப் போரிலேயே சாட்சி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் ஒரே முகாமில் பிரிட்டிஷ் கைதிகளும் ரஷ்யக் கைதிகளும் இருந்தார்கள். முகாமின் சாப்பாடு இருவருக்கும் ஒன்று. பிரிட்டிஷாருக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் கூடுதலாக வந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது ரஷ்யரில் 15 முதல் 19 சதவிகிதம் பேருக்குக் காசநோய், பிரிட்டிஷாரில் 1.2 சதவிகிதம். 1946-ல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது.

இதை நம் நாட்டில் முறைப்படி சோதித்துப் பார்க்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி அனுராக் பார்கவா, மாதவி பார்கவா, சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அந்த நிறுவனம் 1956-ல் தொடங்கிய அதே மையத்தின் வாரிசு என்பது பொருத்தம். 2,800 நோயாளிகள், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் மாதந்தோறும் கொடுத்தார்கள். தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. குழந்தைகளுக்கு அதில் பாதி.

2023-ல் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றும் வகை 48 சதவிகிதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவிகிதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் 61 சதவிகிதம் குறைந்தது. இவ்வளவு பலன் தந்தது எந்த அயல்நாட்டு டானிக்கும் அல்ல. நம் தட்டில் தினமும் விழும் சாதமும் பருப்பும்தான்!

ஆக, பெரியப்பா சொன்னதில் பாதி சரி. நோய் வந்த பின் காப்பாற்றுவது மருந்து. நோய் வராமல் காப்பதும், வந்தால் தாங்க வைப்பதும் ஆகாரமும் திடமும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று அல்ல. இந்த நூற்றாண்டுச் சரித்திரத்தின் சாரம் இதுதான்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றாவது வருகிறது. மற்றவர்கள் உடம்பில் வெள்ளையணுக்கள் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகின்றன. அந்தச் சுவரைப் பல வருஷங்கள் காவல் காப்பவை டி-செல் எனப்படும் அணுக்கள். காவலாளிக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் கோட்டை என்ன ஆகும்? புரதம், துத்தநாகம், இரும்பு, ஏ, டி வைட்டமின்கள், இவைதான் அந்தச் சம்பளம்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் தீவிரமானது. டி-செல்கள் பயிற்சி பெறும் இடம் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. சிறு வயதில் பெரிதாக இருக்கும். கடும் சத்துக்குறைவில் சுருங்கிவிடும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ அம்மையோ வந்தால் பசி போகிறது. பசி போனால் சத்து குறைகிறது. சத்து குறைந்தால் அடுத்த நோய். இந்த விஷச் சக்கரத்தை உலக சுகாதார நிறுவனம் 1968-ல் வெளியிட்ட நூல் ஒன்று தெளிவாக விளக்கியது. திருச்சி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 15,419 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. வாரம் ஒருமுறை, உணவில் கிடைக்கக்கூடிய அளவுக்கே வைட்டமின் ஏ கொடுத்தார்கள். குழந்தை மரணம் 54 சதவிகிதம் குறைந்தது என்று 1990-ல் அறிவித்தார்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, பரங்கிக்காய், பால் இவற்றின் அருமை இப்போது புரியும்.

பெரியவர்களுக்கு வேறு விதமான பிரச்சினை. நம்மவர்களிடம் பட்டினி குறைவு, சர்க்கரை வியாதி அதிகம். சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. வயதாக ஆகத் தைமஸ் கரைகிறது, தசையும் குறைகிறது. "வயசாச்சு, ராத்திரி ஒரு டம்ளர் மோர் போதும்" என்று இருக்கும் பெரியவர்கள் உண்மையில் தங்கள் காவலாளிகளைப் பட்டினி போடுகிறார்கள்.

நடையின் கணக்கு

தேகப்பயிற்சியின் போது ரத்த ஓட்டத்துடன் வெள்ளையணுக்களும் விரைந்து புறப்பட்டு, உடம்பெங்கும் ரோந்து சுற்றுகின்றன. அமெரிக்காவில் 1,002 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில், வாரம் ஐந்து நாளாவது பயிற்சி செய்தவர்கள் ஜலதோஷத்தில் கழித்த நாட்கள், செய்யாதவர்களைவிட 43 சதவிகிதம் குறைவு. இங்கிலாந்தில் பல்லாண்டு சைக்கிள் ஓட்டிய 55 முதல் 79 வயதுக்காரர்கள் 125 பேரைச் சோதித்தபோது, தைமஸ் புதிதாக அனுப்பும் டி-செல்கள் அவர்களிடம் இளைஞர்களுக்கு நிகராக இருந்தன. இது 2018-ல் வெளியானது.

அளவு மீறினால்? 1987-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானை ஓடி முடித்தவர்களில் 12.9 சதவிகிதம் பேருக்கு அடுத்த வாரத்தில் தொற்று வந்தது. தயாராகியும் ஓடாதவர்களில் 2.2 சதவிகிதம். ஓட்டமே காரணமா, கூட்டமும் தூக்கமின்மையும் காரணமா என்று இன்றும் வல்லுநர்கள் விவாதிக்கிறார்கள். நமக்கு மாரத்தான் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு எளியது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது சுறுசுறுப்பான நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. குழந்தைகளுக்குத் தினம் ஒரு மணி நேர ஓட்டம், விளையாட்டு. நடந்தால் சர்க்கரை கட்டுப்படும் என்பது உபரி லாபம். ஜுரம் இருக்கும்போது மட்டும் பயிற்சி கூடாது; பாட்டர்சன் 1905-ல் வைத்த அந்த விதி இன்றும் சரி.

நம் சமையலறைக்கு ஒரு கேள்வி

சைவ உணவு நமக்குப் பரம்பரை. அதில் பெருமை உண்டு, கவனமும் வேண்டும். தெற்கு லண்டனில் குடியேறிய ஆசியர்களிடம் நடந்த ஆய்வு 1995-ல் வெளிவந்தது. தினமும் மீனோ இறைச்சியோ சாப்பிடுபவர்களைவிட, பால் சேர்த்த சைவ உணவுக்காரர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு 8.5 மடங்கு அதிகம் இருந்தது. வெயில் இல்லாத நாட்டில் வைட்டமின் டி குறைவதும் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். ராமானுஜன் வாழ்ந்த அதே சூழ்நிலை! பிற்பாடு மங்கோலியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு டி வைட்டமின் மட்டும் கொடுத்துப் பார்த்ததில் கிருமித் தொற்று குறையவில்லை என்று 2020-ல் தெரிந்தது. ஒற்றை மாத்திரையால் ஆகாது. முழு ஆகாரம் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இதனால் யாரும் சைவத்தைக் கைவிட வேண்டியதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் சுமார் 50 கிராம் புரதம் தேவை. துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் அளவு இருக்கிறது. ஆனால் நீர்த்த சாம்பாரில் நம் தட்டுக்கு வருவது எவ்வளவு? பருப்பு கெட்டியாக இருக்கட்டும். சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் ஒதுக்காமல் வாரம் மூன்று நாள் செய்யலாம். பாலும் தயிரும் சைவர்களுக்கு பி-12 கிடைக்கும் முக்கிய வழி. அவற்றைக் குறைக்க வேண்டாம். எங்கள் குப்பம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கொள்ளும் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்டவை; இன்று பெங்களூரில் அதிக விலைக்கு விற்கிறார்கள். பலமனேர் சாலையில் இன்றும் சகாயமாகக் கிடைக்கின்றன.

மறைக்க வேண்டாம்

பெரியப்பா குணமான பின்னும் ஒரு வலி தீரவில்லை. அவருடைய பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தி, பேச்சு முடிந்த வரன் ஒன்று, "மதனப்பள்ளி விஷயம்" தெரிந்ததும் பின்வாங்கியது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் உறவில் பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் பையனுக்குக் காசநோய் வந்தபோதும், பெற்றோர் யாருக்கும் சொல்லவில்லை. இருமலை "அலர்ஜி" என்று சொல்லி இரண்டு மாதம் தள்ளினார்கள். ஆறு மாத மருந்தில் பூரண குணமாகிவிட்டான். தாமதித்த அந்த இரண்டு மாதத்தில் அறை நண்பன் ஒருவனுக்கும் நோய் தொற்றியது. எண்பது வருஷத்தில் மருந்து மாறியிருக்கிறது. பாட்டியின் தாழ்ந்த குரல் மாறவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் ஜுரம், காரணமில்லாத இளைப்பு, இவற்றில் ஏதேனும் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் சத்துணவுக்காக 2018 முதல் மத்திய அரசு மாதம் ரூ. 500 கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது ரூ. 1,000 ஆகியிருக்கிறது. நம் வீட்டில் சமைப்பவர், பாத்திரம் துலக்குபவர், காரோட்டுபவர் இருமினால் விலக்கி நிறுத்தாமல் கையோடு பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நம் கடமை. அவர்கள் மருந்து சாப்பிடும் ஆறு மாதமும் வேலைக்கும் சம்பளத்துக்கும் பங்கம் வராமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடக்கம்.

நம் சங்கக் கிளைகளுக்கும் ஒரு விண்ணப்பம். 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் தனி மனிதரோ சங்கமோ காசநோயாளிகளைத் தத்தெடுத்து, குறைந்தது ஆறு மாதம் உணவுப் பொருள் கொடுக்கலாம். மாதம் சில கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், அவ்வளவுதான். ஒவ்வொரு கிளையும் பத்து நோயாளிகளை ஏற்றுக்கொண்டு, அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்தே கொடுத்தால், ஜார்க்கண்டில் கண்ட பலன் நம் தெருவிலும் கிடைக்கும். வருஷம் தவறாமல் அன்னதானம் செய்யும் சமூகம் நாம். ஒரு நாள் விருந்தைப் போலவே ஆறு மாதப் பருப்பும் அன்னதானம்தான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கிளைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.